நான்காவது இழுப்பு

இயன்முறை சிகிச்சைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் படுத்தவர்களை உட்காரவைத்து, உட்கார்ந்தவர்களை நிற்கவைத்து, நின்றவர்களை நடக்கவிட்டுப் பிழைத்தவள் நான். பெருமையடித்துக்கொள்ள என்னிடம் கதைகள் நிறையவே உண்டு. கல்யாண வீடுகளில் அவற்றைச் சொல்லிச் சொந்தக்காரர்களின் பொறுமையைச் சோதித்தும் இருக்கிறேன். உங்களுக்கு அவை வேண்டாம். நான் யாரிடமும் சொல்லிக்கொள்ள விரும்பாத ஒன்றைத்தான் எழுதப்போகிறேன். எந்தப் பயிற்சி, எந்தக் கோணம், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, என்னைவிட நீங்கள் நன்றாகவே படித்திருப்பீர்கள்.

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நோயாளி “போதும்” என்று சொன்ன பிறகு, “இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்று கெஞ்சியோ மிரட்டியோ வாங்குவோம். பெரும்பாலும் அது சரிதான். முட்டியில் ஆபரேஷன் ஆனவர் வலிக்குப் பயந்து முன்கூட்டியே நிறுத்துவார், அந்தக் கடைசி ஒன்றில்தான் கால் மடங்கும். எனக்கு அது வாயில் ஊறிப்போயிருந்தது. என்னோடு வேலை பார்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை ‘இன்னும் ஒண்ணு மிஸ்’ என்றுதான் சொல்வார்கள். அது என் காதில் விழும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவும் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் அடையாறில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஸ்ரீதர் அங்கே என்னிடம் வந்தபோது அவனுக்கு இருபத்தொரு வயது. வீடு மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பா இல்லை. அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவனுக்குப் பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாது. ஹீமோஃபிலியா. அம்மா வழியாக மகனுக்கு வருவது. காயம் பட்டால் ரத்தம் கொட்டித் தீர்ந்துவிடும் என்று மற்றவர்கள் பயப்படுவார்கள். உண்மையான சேதம் உள்ளே நடக்கும். முட்டிக்குள்ளும் முழங்கைக்குள்ளும் தசைக்குள்ளும் ரத்தம் கசிந்து, வீங்கி, மூட்டை அரித்துவிடும்.

அந்த அம்மாவின் தம்பி பத்தொன்பது வயதில் ஒரு பல்லைப் பிடுங்கப்போய் இறந்தவர். அதனால் மகனைப் பொத்திப் பொத்தி வளர்த்திருந்தார். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் மைதானத்துக்குப் போனால் ஸ்ரீதர் வகுப்பில் பைகளுக்குக் காவல் இருப்பான். மார்க்கெட் பையைக்கூட தூக்கியதில்லை. தொடை இரண்டும் என் முன்கை அளவுதான் இருந்தன. அப்படிப்பட்டவனின் வலது முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தற்செயலாக அவன் உள்ளங்கையைப் பார்த்தேன். விரல்களுக்குக் கீழே வரிசையாகக் காய்ப்பு. பேனா பிடிக்கிற கையில் அப்படி வராது.

“என்னப்பா இது?”

அவன் கையை மூடிக்கொண்டான். நான் விடவில்லை. கடைசியில் சொன்னான். சாந்தோமில் கடற்கரைக் குப்பத்தை ஒட்டி ஓர் உடற்பயிற்சிக் கூடம். இரண்டு மாதமாக, லைப்ரரிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அங்கே போய்க்கொண்டிருந்தான். “எனக்கு யாராவது ஒருநாளாவது, இதைத் தூக்குடான்னு சொல்லணும் போல இருந்தது மேடம்” என்றான்.

எனக்குப் பதறிவிட்டது. பதறினால் நான் திட்டுவேன். நன்றாகத் திட்டி, இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று சொல்லி, மூன்று மாதம் முழு ஓய்வு என்று அட்டையில் எழுதிக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்ததாக நினைத்து வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று மாதத்தில் அவனுக்கு நான்கு முறை முட்டிக்குள் ரத்தம் கசிந்தது. அதற்கு முந்தின இரண்டு மாதத்தில் ஒருமுறைகூட இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமைகளில் ரத்த நோய்களுக்கான டாக்டர் ஓர் அம்மாள் வருவார். சிரிக்கவே மாட்டார். என் அட்டையைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“யாரும்மா இவனுக்கு ரெஸ்ட் எழுதினது?”

“நான்தான் டாக்டர். ஜிம்முக்குப் போயிருக்கான்.”

“போய் என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. ஆனா ஆகியிருக்கும்.”

“ரத்தம் உறையவைக்கிற மருந்து வெளிநாட்டுலேர்ந்து எப்ப வரும்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. ரத்த வங்கியில கிரையோ பை கிடைச்சா உண்டு, இல்லேன்னா ஐஸ் கட்டிதான். அது வரைக்கும் இவன் முட்டிக்கு யாரு காவல்? தொடைச் சதைதானே? அதையும் நீ கரைச்சு விட்டுட்டா?”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இன்றைக்கு நீங்கள் இதை முதல் வருடத்திலேயே படித்துவிடுகிறீர்கள். அன்றைக்கு எங்களுக்கு இந்த நோய் என்றால் படுக்கை, கட்டு, பயம், அவ்வளவுதான் தெரியும். டாக்டரே அம்மாவை அழைத்துப் பேசினார். மெதுவாக, ஒழுங்காக, மேற்பார்வையோடு தசையை வளர்த்தால் கசிவு குறையும் என்று விளக்கினார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“இவன் ஆசைப்படறான். நீங்களும் சொல்றேள். பொறுப்பு நீங்க ஏத்துக்கறேளா?”

“ஏத்துக்கறேன்மா” என்றேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்ததெல்லாம் இரண்டு மணல் பையும் துருப்பிடித்த ஒரு சைக்கிளும்தான். ஸ்ரீதருக்கோ அந்தக் கூடம்தான் வேண்டும். சரி, அந்த இடத்தையே பார்த்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாந்தோமுக்குப் போனேன்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வாசலில் ஒரு ஆஞ்சநேயர் படம், பக்கத்திலேயே ஒரு மாதா படம். உள்ளே வியர்வையும் கடல் காற்றும் கலந்த வாடை. மீன்பிடிக்கிற பையன்களும் ஒன்றிரண்டு பேங்க் குமாஸ்தாக்களும் இரும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சேலை கட்டிய ஒருத்தி வாசலில் நிற்பதைப் பார்த்ததும் பாதிப் பேர் துண்டைத் தேடினார்கள். கூடத்தை நடத்துபவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். காலையில் வலை இழுத்துவிட்டு மாலையில் கூடம்.

ஸ்ரீதரின் நோயைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“இன்னா மேடம் சொல்ற? ரெண்டு மாசம் இங்க வந்துகினு இருந்தானே, ஒரு வார்த்தை சொல்லலயே பாவி. ஏதாச்சும் ஆயிருந்தா அவங்க அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?”

“இப்ப சொல்லிட்டேன் மாஸ்டர். இனிமே சேர்த்துக்குவீங்களா?”

“நீ எழுதிக் குடு. எது செய்யலாம், எது கூடாது. எனுக்குப் படிக்க வராது, பையன் படிச்சுச் சொல்வான். அதுக்கு மேல ஒரு கிலோ ஏறாது. அது என் பொறுப்பு.”

நானும் அவரும் ஸ்ரீதரும் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து விதிகளை வகுத்தோம். எடை மாட்டாத வெறும் கம்பியிலிருந்து தொடங்குவது. வெட்டி இழுக்கக் கூடாது, மூச்சை அடக்கித் தம் பிடிக்கக் கூடாது, யாரோடும் போட்டி கூடாது. கசிவு வந்த வாரம் கூடத்துப் பக்கமே வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. கசிவு தொடங்குமுன் மூட்டுக்குள் எறும்பு ஊர்வதுபோல இருக்கும் என்று ஸ்ரீதர் சொன்னான். வீக்கமோ வலியோ தெரிவதற்கு முன்பே அவனுக்கு அது தெரிந்துவிடும். அவன் ‘எறும்பு’ என்று சொன்னால் யாராக இருந்தாலும், எதுவாக இருந்தாலும், அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். அந்த விதியைச் சொன்னவள் நான்தான்.

மாஸ்டர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒருநாள் நான் போயிருந்தபோது ஸ்ரீதர் கம்பியைப் பாதி தூக்கிய நிலையில் “மாஸ்டர், எறும்பு” என்றான். மாஸ்டர் பாய்ந்து போய்க் கம்பியை வாங்கிக்கொண்டார். “டேய், எல்லாம் நிறுத்துங்கடா! ரேடியோவ அமுத்து! ஐஸ் எடுத்தா!” என்று அவர் போட்ட சத்தத்தில் மொத்தக் கூடமும் ஸ்தம்பித்து நின்றது. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் வந்தது. அதில் மீன் செதிலும் வந்தது. மயிலாப்பூர்ப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கையில் அதை வைத்துக்கொண்டான். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. தொடை தேறியது. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிப்பதை நிறுத்தினான். கசிவு எப்போதாவதுதான் வந்தது. டி. நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, எல்லோரையும் போல பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தான். அந்த அம்மா ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதே நோயுள்ள இன்னும் நான்கு பையன்களையும் பயிற்சிக்குச் சேர்த்திருந்தேன்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை.

திங்கட்கிழமைக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சுளுக்கிக்கொண்டவர்கள் எல்லோரும் வருவார்கள். அன்று என்னோடு வேலை செய்கிற பெண் லீவு. ஸ்ரீதர் முன்பக்கம் குனிந்தபடி, வலது கால் விரல் நுனியில் ஊன்றி நடந்து வந்தான். இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. தொடை இடுக்கில் வலி.

“என்ன பண்ணினே?”

“சைதாப்பேட்டையில நேத்து ஓடிப்போய் பஸ்ஸில தொத்தினேன் மேடம். அப்ப ஒண்ணும் தெரியல. இன்னிக்குக் காலையிலேர்ந்து நிமிர முடியல.”

மேலோட்டமாகத் தொட்டுப் பார்த்தேன். நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவன், இடுப்பின் முன் தசை இறுகியிருக்கிறது, ஓடியதில் பிடித்துக்கொண்டது என்று முடிவு செய்தேன். ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள் வாரத்துக்கு நாலு பேர் இதே வலியோடு வருவார்கள். அவர்களுக்குச் செய்வதையே செய்தேன். கட்டிலின் ஓரத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, தொங்கும் தொடையை மெதுவாகக் கீழே அழுத்தித் தசையை இழுத்து நீட்டுவது. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் அவன், “போதும் மேடம், எறும்பு மாதிரி இருக்கு” என்றான்.

வெளியே ஒருவர், தன் முறை எப்போது என்று கத்திக்கொண்டிருந்தார். நான் கதவைப் பார்த்துக்கொண்டே, “அது இறுக்கம் விடறதுப்பா. இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்று சொல்லி, நான்காவது முறை அழுத்தினேன்.

அவன் கத்தவில்லை. முகம் வெளுத்தது. மேலுதட்டில் வியர்த்தது. எழுந்து உட்கார்ந்து, “சரி மேடம்” என்று சொல்லிவிட்டு, வந்ததைவிட இன்னும் குனிந்து வெளியே போனான். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை வார்டில் அவனைச் சேர்த்திருந்தார்கள். அடிவயிற்றுக்குள், தொடையை மடக்குகிற ஆழமான தசைக்குள் ரத்தம் தேங்கி நின்றது. அது பக்கத்திலேயே போகும் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. தொடையின் முன்பக்கத்தைத் தொட்டால் அவனுக்குத் தெரியவில்லை. முட்டியை நீட்டச் சொன்னேன். நீட்ட வரவில்லை. எட்டு மாதம் வளர்த்த தசை, அது பாட்டுக்குக் கிடந்தது.

பஸ்ஸில் தொற்றியதிலேயே கொஞ்சம் கசிவு தொடங்கியிருக்கும். அன்று நான் தொடையின் முன்பக்கத்தைத் தடவி, மரத்திருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். படுக்கவைத்து, ஐஸ் வைத்து, டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். சின்னக் கசிவாக முடிந்திருக்கும். அதைப் பெரிதாக்கியது என் கை.

வார்டு டாக்டர் ஸ்ரீதரிடம், என்ன நடந்தது என்று கேட்டபோது நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்ரீதர் என்னை ஒரு நொடி பார்த்தான். பிறகு, “ஜிம்ல வெயிட் தூக்கினேன் டாக்டர். கொஞ்சம் அதிகமாத் தூக்கிட்டேன்” என்றான்.

வாயைத் திறக்க எனக்கு அப்போது முழு நிமிடம் இருந்தது. நான் திறக்கவில்லை. டாக்டர் அதையே எழுதிக்கொண்டு போனார். அவர் போனதும் ஸ்ரீதர் மெல்லச் சொன்னான். “உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் எங்க அஞ்சு பேரையும் எக்சர்சைஸ் பண்ண விடறதுக்கு யாரும் இருக்க மாட்டா மேடம். விட்டுடுங்கோ.” எனக்கு நன்றி சொல்லத் தோன்றியது என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அவனுக்குக் கிரையோ தேவைப்பட்டது. ரத்தத்தைப் பிரித்து உறையவைத்து எடுக்கிற சத்து அது. ஒரு பையில் ஒருவர் கொடுத்ததுதான் இருக்கும். ஒருவேளைக்கே பல பைகள் வேண்டும். ரத்த வங்கியில் பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கொண்டுவரச் சொன்னார்கள். செய்தி எப்படிப் போனதோ, மத்தியானத்துக்குள் சாந்தோமிலிருந்து மீன்பாடி வண்டியிலும் சைக்கிளிலும் மாஸ்டரும் பத்துப் பன்னிரண்டு பையன்களும் வந்து இறங்கினார்கள். அவர்களில் பெரிய புஜக்காரன் ஒருவன் ஊசியைப் பார்த்த உடனேயே மயங்கி விழுந்தான். “மச்சி, உன்னைப் போயா ஆணழகன் போஸ்டர்ல போட்டாங்க” என்று மற்றவர்கள் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள்.

ரத்தம் கொடுத்துவிட்டு மாஸ்டர் வார்டுக்கு வந்தார். கையில் சாத்துக்குடிப் பை. அம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவ்வளவு நாளும் குரல் உயர்த்தி நான் கேட்டிராத அந்த அம்மா, வார்டு முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

“உங்களை நம்பித்தானே அனுப்பினேன்! எங்காத்துல ஒரு குடத்தைத் தூக்க விடாம வளர்த்த கொழந்தை. இரும்பைத் தூக்கவச்சு இப்படிப் படுக்கவச்சுட்டேளே! இன்னும் என்ன பார்க்க வந்தேள்? போங்கோ!”

மாஸ்டர் இரண்டு கையையும் கூப்பினார். “தப்புதாம்மா. நான் பார்த்துக்கினு இருந்திருக்கணும்” என்றார். சாத்துக்குடிப் பையைக் கட்டிலின் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

வராந்தாவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “மேடம், அவன் வியாழக்கெழமைலேர்ந்து கூடத்துக்கே வரல. எங்க வுழுந்தான்னு தெரியல. எங்கிட்ட சொல்ல மாட்டான். நீ கேட்டா சொல்வான். கொஞ்சம் கேட்டுப் பாரு.”

“அப்ப ஏன் மாஸ்டர் தப்புன்னு ஒத்துக்கிட்டீங்க?”

“பெத்தவ அழுதுகினு கீது. அந்த நேரத்துல நான் போய் வியாழன் வெள்ளின்னு பேசினா நல்லா இருக்குமா?”

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. ஒருநாள் முழுக்க என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஸ்ரீதரே அப்படிச் சொல்லிவிட்டான், மாஸ்டரும் ஏற்றுக்கொண்டுவிட்டார், நான் இல்லாவிட்டால் அந்த நான்கு பையன்களை யார் பார்ப்பது என்று. பிள்ளைகளே, கோழைத்தனம் நம்மிடம் வரும்போது கோழைத்தனம் என்று பெயர் சொல்லிக்கொண்டு வராது. கடமை என்று சொல்லிக்கொண்டுதான் வரும்.

புதன்கிழமை ரத்த நோய் டாக்டர் வந்தார். அவனைப் பார்த்துவிட்டு, அறையில் உட்கார்ந்து கேஸ் ஷீட்டில் எழுத ஆரம்பித்தார். என்னைக் கூப்பிட்டிருந்தார். எழுதிக்கொண்டே பேசினார்.

“நாம ரெண்டு பேரும் ஆசைப்பட்டோம். நம்ம ஊருக்கு இது ஒத்துவராது போலிருக்கு. இவனுக்கு இனிமே எந்த எக்சர்சைசும் கூடாதுன்னு எழுதறேன். ஆயுசுக்கும். அந்த நாலு பேரையும் நிறுத்திடு.”

அவர் பேனா ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரி முடிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவன் தொடை மறுபடி என் முன்கை அளவாகும். மாதத்துக்கு இரண்டு கசிவு வரும். முப்பது வயதுக்குள் முட்டி பூட்டிக்கொள்ளும். வேலை போகும். மறுபடி யாராவது அவனுக்காகப் பை தூக்குவார்கள். இவ்வளவும் நான் செய்த காரியத்துக்கு, பயிற்சியின் தலையில் பழியைப் போட்டு.

“டாக்டர், எழுதாதீங்க” என்றேன். “அது ஜிம்முல ஆகல. என் கட்டில்ல ஆச்சு.”

அவர் பேனாவை நிறுத்தினார். நிமிரவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு கேள்விதான் கேட்டார்.

“எத்தனை தடவை இழுத்தே?”

“நாலு.”

“அவன் போதும்னு சொன்னது எப்ப?”

“மூணாவதுல.”

அந்த வரியை அடித்தார். கேஸ் ஷீட்டை என் பக்கம் திருப்பி, பேனாவை மேலே வைத்தார். “உன் கையெழுத்துல எழுது. நாலுன்னு எழுது. அவன் மூணுல சொன்னான்னும் எழுது.” எழுதினேன். “அவன் அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் கூட வர மாட்டேன்” என்றார். ஆஸ்பத்திரி நிர்வாகம் பின்னால் என்னை விசாரித்தது, சில மாதம் நோயாளிகளைத் தொடவிடாமல் ரிஜிஸ்டரோடு உட்காரவைத்தது. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த வார்டுக்குள் நடந்து போனதுதான் கஷ்டம்.

ஸ்ரீதர் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் சொன்னேனா என்று ஞாபகமில்லை. அவர் சிவப்புப் பேனாவை மூடினார். என்னைத் திட்டவில்லை. நோட்டுகளை அடுக்கிப் பைக்குள் வைத்தார்.

“அந்த மாஸ்டரோட இடம் எங்க இருக்கு?” என்று கேட்டார்.

“நான் கூட்டிண்டு போறேன்மா.” ‘கூட்டிண்டு’ என்கிற அவர் வீட்டுப் பேச்சு என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஆட்டோவில் இருவரும் போனோம். கூடத்து வாசலில் இறங்கியதும் அவர் ஆஞ்சநேயர் படத்தைக் கும்பிடவில்லை, தயங்கவும் இல்லை, நேராக உள்ளே போனார். பையன்கள் அவசர அவசரமாகச் சட்டையை மாட்டினார்கள். யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். மாஸ்டர் ஒரு பெஞ்சைத் துண்டால் துடைத்து, “உக்காரும்மா” என்றார்.

அவர் உட்காரவில்லை. “நான் உங்களை நாலு பேர் முன்னாடி பேசிட்டேன். அதனால நாலு பேர் முன்னாடியே சொல்லணும்னு வந்தேன். தப்பு உங்க மேல இல்லை. என்னை மன்னிச்சுடுங்கோ.”

“ஐயய்யோ, இன்னாம்மா நீ, பெரிய வார்த்தையெல்லாம் பேசிகினு” என்று மாஸ்டர் பின்வாங்கினார். சுவரில் முட்டி நின்றார். அந்தப் பெரிய மனிதருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“அவனை மறுபடி சேர்த்துப்பேளா?”

“கால் தேறட்டும். டாக்டர் சொல்லட்டும். வெறுங்கம்பிலேர்ந்து ஆரம்பிப்போம்.” பிறகு என்னைக் காட்டி, “மேடம் கீதே, எழுதிக் குடுக்கும்” என்றார். அவரிடம் நான் அதுவரை எதுவும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அந்தக் கூடத்தின் நடுவில் நின்று நானே சொன்னேன். மாஸ்டர் என்னை நம்பாமல் பார்த்தார். “எறும்புன்னு சொன்னானா மேடம்?” என்று மட்டும் கேட்டார். “சொன்னான்” என்றேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அந்த அம்மா ஆட்டோவில் ஏறாமல் நின்றார். “நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அதுக்கு நான் நமஸ்காரம் பண்ணணும். ஆனா இனிமே என் பிள்ளை மேல உங்க கை படவேண்டாம்.”

“சரிம்மா” என்றேன்.

ஸ்ரீதர் ஆறு மாதம் கழித்துக் கூடத்துக்குத் திரும்பினான். அவன் பயிற்சியை என் துறையிலேயே இன்னொரு பெண் பார்த்துக்கொண்டாள். என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொண்டாள். அந்த நான்கு பையன்களையும் யாரும் நிறுத்தவில்லை. அவன் நடந்தான், வேலைக்குப் போனான், படியேறினான். வலது தொடை மட்டும் இடது தொடையின் அளவுக்கு வரவே இல்லை. பேன்ட் போட்டிருந்தால் மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சோதனைக்கு வரும்போதெல்லாம் என்னைத் தேடி வருவான். “எப்படி இருக்கேள் மேடம்?” என்று சிரிப்பான். சில நாள் வலிக்கிற முட்டியை நீட்டி, “இங்கதான் மேடம், லேசாப் பாருங்களேன்” என்பான். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “உள்ளே போய் அவங்ககிட்ட காட்டுப்பா” என்பேன். அவனுடைய அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை. ஓய்வு பெற்ற நாள்வரை காப்பாற்றினேன்.